கயிறு இழுக்கும் ஒத்திகை

என் தங்கையின் வலது கை இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டி நசுங்கிக்கொண்டிருந்தபோது, சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. "அட, அதுக்குப் போய் யாராவது கைதட்டுவாங்களா?" என்கிறார்கள். தட்டினார்கள். சிரித்துக்கொண்டே தட்டினார்கள். ஒருவர் வீடியோ படம்கூட எடுத்தார். இருந்தாலும் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். கார் எங்களுக்கு இல்லை, கடல் தாண்டி விற்பதற்கு. அந்த நாட்டில் சாலையின் மறுபக்கம் ஓட்டுவார்களாம், அதனால் ஸ்டியரிங் எங்கள் கண்ணுக்குத் தப்பான பக்கத்தில் இருக்கும். செய்து முடித்ததும் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் அதில் ஒன்றுகூட ஓடாது. "இத்தனை கார் செய்யறீங்களே, ரோட்டுல ஒண்ணையும் காணோமே, எல்லாம் பொம்மையா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அந்த நாட்டுக் கம்பெனி பாதி, நம் நாட்டுக் கம்பெனி பாதி. வாசலில் 'கூட்டு நிறுவனம்' என்று பெரிய போர்டு இருக்கிறது. நாங்கள் சொல்வது சம்பந்தி கம்பெனி. அவர்கள் மாப்பிள்ளை வீட்டார், எங்கள் நிர்வாகம் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், பெண் வீட்டாருக்குத் தலைகால் புரியாது. தரையில் புதுக் கோடு போடுவார்கள். கழிவறையில் சோப்பு வந்துவிடும். எங்கள் மேனேஜர் அவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், 'மழை கீழிருந்து மேலே பெய்கிறது' என்றாலும் ஆட்டுவார். அதனால் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். வருகிறவர்களின் தலைவர் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார், அவருக்கு நெட்டை என்று பெயர்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். வேலை நடக்கும் வரிசை நெடுகத் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கயிறு ஓடும். அது மாப்பிள்ளை வீட்டுப் பரிசம். யார் கண்ணில் குறை பட்டாலும், கடைசித் தொழிலாளியாக இருந்தாலும், கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், ஒரு பாட்டு ஒலிக்கும், வரிசை நிற்கும். எல்லோரும் ஓடிவந்து சரிசெய்ய வேண்டும். இழுத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இது அவர்கள் சட்டம். சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பெண் வீட்டுச் சட்டம் சுவரில் இல்லை. இழுத்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் மேஸ்திரி முகம் வீங்கும். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது இழுத்தவள் மட்டும் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டு தடவை நின்றால் அடுத்த மாதம் அவள் இடத்தில் வேறு ஆள் இருப்பாள். அதனால் கயிறு அதுபாட்டுக்குத் தொங்கும். தூசி தட்ட மட்டும் ஆள் போடுவார்கள்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கயிறு இழுபடாமல் இருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருமே! அதற்குத்தான் ஒத்திகை. தரையில் வரைந்துவைத்த வட்டத்தில் அவர்கள் வந்து நிற்கும்போது ஒருத்தி ஒரு கிளிப்பைத் தளர்த்திவைத்துவிட்டு, "குறை இருக்கு!" என்று கத்திக் கயிற்றை இழுக்க வேண்டும். மேஸ்திரி பதறாமல், புன்னகையோடு, நிதானமாக நடந்து வந்து கிளிப்பை அழுத்துவார். பிறகு இழுத்தவளுக்கு நன்றி சொல்வார். விருந்தாளிகள் கைதட்டுவார்கள். அந்தக் கத்துகிற வேடம் எனக்கு. என் முகலட்சணத்தைப் பார்த்துக் கொடுத்தது இல்லை. "உனக்குத்தான் தொண்டை இருக்கு, நீ கத்தினா வாசல் வரைக்கும் கேக்கும்" என்றார் மேஸ்திரி.

எனக்கு அடுத்த இடத்தில் என் தங்கை. கார்க் கூட்டுக்குள் டாஷ்போர்டைப் பொருத்துவது அவள் வேலை. டாஷ்போர்டு கனமானது. ஒரு பெரிய இரும்புக் கை அதைத் தூக்கி, கதவு வழியாக உள்ளே நீட்டிப் பிடித்துக்கொள்ளும். அதை நாங்கள் யானை என்போம். கொஞ்ச நாளாகவே யானை சறுக்க ஆரம்பித்திருந்தது. பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முன்னால் நகரும்.

"மேஸ்திரி, யானை சறுக்குது. கைக்கு நேரா வருது" என்று அவள் என் காதுபடச் சொன்னாள்.

"தெரியும்மா. விருந்தாளிங்க வந்து போகட்டும். இப்ப நிறுத்தினா என் தலை உருளும்" என்றார் அவர்.

"தலை உருண்டா தேவலை, கை போயிடும் போலிருக்கே" என்றேன் நான்.

"உன் வாய் இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

என் தங்கை குனிந்து அடுத்த காருக்குள் கையை விட்டாள். அவள் என்னைப் போல இல்லை, நறுக்கென்று ஒரு வார்த்தை பேசுவாள், இல்லையென்றால் வாயே திறக்க மாட்டாள். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகிற மகளோடு இந்த வேலையை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தாள். வேலை போய்விடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு பயம் கிடையாது.

விருந்தாளிகள் வந்தார்கள். நெட்டை முன்னால், பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண், பின்னால் ஆமாஞ்சாமி, கேமராவோடு ஒருவர். வட்டத்துக்குள் வந்து நின்றார்கள். நான் கிளிப்பைத் தளர்த்தக் கையை நீட்டினேன். அப்போது பக்கத்தில் "அக்கா" என்று ஒரு சத்தம். அது கத்தல்கூட இல்லை, மூச்சு அடைத்துக்கொண்ட சத்தம். திரும்பினேன். யானை முன்னால் வந்திருந்தது. அவள் கை டாஷ்போர்டு இரும்புக்கும் கதவுத் தூணுக்கும் நடுவில்.

தாவிக் கயிற்றை இழுத்தேன். விளக்கு எரிந்தது. வரிசை நின்றது. பாட்டு ஒலித்தது. ஆனால் கயிறு வரிசையைத்தான் நிறுத்தும், யானையை விடுவிக்காது. அதற்குத் தனிச் சாவி, அது மேஸ்திரி இடுப்பில். கண்டவர்கள் கை வைத்தால் வேலை தாமதமாகுமாம், அதனால் அவரிடம் மட்டும்.

"மேஸ்திரி! ஓடி வாங்க! சாவி!" என்று கத்தினேன்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். புன்னகைத்தார். ஒத்திகையில் நடந்த அதே நடை, அசையாத நிதானம்.

"ஐயோ, நிஜமா! நிஜமா மாட்டிக்கிச்சு! கையி!"

பெரிய மனிதர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அந்தப் பாழாய்ப்போன பாட்டு வேறு. என் தங்கை இப்போது கத்தினாள், ஆனால் பாட்டும் கைதட்டலும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. நான் நெட்டையைப் பார்த்துக் கும்பிட்டேன், யானையைக் காட்டினேன், அழுதேன். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். மேஸ்திரி கிட்டே வந்து உதட்டை அசைக்காமல், "போதும்மா, இன்னைக்கு உயிரைக் குடுத்து நடிக்கறே" என்றார்.

அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தார். பேய் அறைந்த மாதிரி நின்றார். சாவியை அவர் இடுப்பிலிருந்து நான்தான் பிடுங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைக் காப்பாற்றினார், விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. விரல்கள் இருக்கின்றன, ஆனால் மடங்காது. "கொஞ்சம் முன்னாடி வெளியே எடுத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். ஏன் அவ்வளவு நேரம் விட்டீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வது? கைதட்டி முடிக்க வேண்டாமா டாக்டர் என்றா?

ஆமாஞ்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார், பழப்பையோடு. கட்டிலில் கிடந்தவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"நடந்தது வருத்தம்தாம்மா. ஆனா விசாரிச்சதுல என்ன தெரியுதுன்னா, நீங்க கயிறு இழுத்து லைன் நின்ன பிறகுதான் இவங்க உள்ளே கையை வச்சிருக்காங்க. அவசரம். கவனக்குறைவு. ரெண்டு கம்பெனியும் பார்த்துப் பேசி எடுத்த முடிவு."

"யார் சொன்னது? அவ கை மாட்டின பிறகுதான் நான் இழுத்தேன். நான் பக்கத்துல நின்னவ."

"படம் இருக்கும்மா. படத்துல முதல்ல நீங்க இழுக்கறீங்க. அப்புறம்தான் மத்தது எல்லாம்."

"படம் எடுத்தவர் நான் இழுத்த பிறகுதானே கேமராவைத் தூக்கினார்! அதுக்கு முன்னாடி நடந்தது அதுல எப்படி இருக்கும்? என் காதுல பூ சுத்தறீங்களா?"

"கத்தாதீங்க, இது ஆஸ்பத்திரி" என்றார். கவனக்குறைவால் நேர்ந்தது என்பதால் அவளை மறுபடி வேலைக்கு எடுக்க வழியில்லை என்றும் சொன்னார். மருத்துவச் செலவைக் கம்பெனி பெரிய மனதோடு பார்த்துக்கொள்ளுமாம். பழப்பையை அவர் பின்னாலேயே எறிந்தேன். ஆரஞ்சு உருண்டு நடை முழுக்க ஓடியது, நர்ஸ் என்னைத் திட்டித் தீர்த்தாள்.

என் தங்கை கேட்டது ஒன்றுதான். "ரெண்டு வீட்டுச் சட்டமும் இதுவரைக்கும் எதுலயாவது ஒத்துப் போயிருக்காக்கா? என் விஷயத்துல மட்டும் எவ்வளவு ஒற்றுமை பாரு."

நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பாமல் என்ன செய்வது? இப்போது என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் என் சம்பளம்தான். யானையை ஒரே நாளில் சரிசெய்திருந்தார்கள். அது முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள். பாவம், என்னைப் பார்க்கவே பயந்தாள்.

ஒருநாள் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தேன். சுவரில் இருந்த டிவியில் என் முகம். கயிற்றை இழுக்கிறேன், வாயைத் திறந்து கத்துகிறேன், கண்ணில் தண்ணீர். சத்தத்தை எடுத்துவிட்டு இனிமையான இசை சேர்த்திருந்தார்கள். மேஸ்திரி புன்னகையோடு நடந்து வருகிறார். நெட்டை கைதட்டுகிறார். கீழே 'தரத்துக்காகக் கண்ணீர் விடும் எங்கள் தொழிலாளர்' என்று எழுத்து ஓடியது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமாம். கடல் தாண்டியும் காட்டுகிறார்களாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்று வந்தது அந்த வகைக் கோபம் இல்லை. கத்தத் தோன்றவில்லை. தட்டைத் தள்ளிவைத்தேன். கையைக் கழுவிவிட்டுப் போய் என் இடத்தில் நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். முந்தின நாள் மேஸ்திரி என்னிடம் வந்து நின்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பக்கத்துக் கம்பத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீயே இழுக்கணுமாம். நெட்டையே உன்னைக் கேட்டாராம். படத்துல பார்த்தவளை நேர்ல பார்க்கணுமாம்."

"இழுக்கறேன்" என்றேன்.

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "வம்பு ஏதும் பண்ண மாட்டியே?"

"நீங்க சொல்லிக் குடுத்தபடியே கத்தறேன் மேஸ்திரி. குறை இருக்குன்னுதானே கத்தணும்?"

வட்டத்தில் வந்து நின்றார்கள். நான் கிளிப்பைத் தொடவில்லை. கயிற்றை இழுத்தேன். பாட்டு, விளக்கு, கைதட்டல். மேஸ்திரி நடக்கத் தொடங்கும் முன்பே நான் நேராகப் போய் மொழிபெயர்க்கிற பெண்ணின் எதிரில் நின்றேன்.

"சொல்லும்மா அவர்கிட்ட. போன தடவை இவர் கைதட்டினப்போ என் தங்கச்சி கை மெஷின்ல மாட்டியிருந்துச்சு. நான் நடிக்கலை. உதவிக்குக் கத்தினேன். அந்த மெஷின் கெட்டுப்போனது இவங்களுக்கு முன்னாடியே தெரியும். நீங்க வந்து போகற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு ஓட விட்டாங்க. இப்ப தப்பு அவ மேலன்னு சொல்லி வேலையைப் பிடுங்கிட்டாங்க."

அந்தப் பெண் ஆமாஞ்சாமியைப் பார்த்தாள். பிறகு நெட்டையிடம் நாலைந்து வார்த்தை சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார்.

"நான் இவ்வளவு நீளம் பேசினேன், நீ இத்துனூண்டுல முடிச்சுட்டே. மீதியை எங்கே விழுங்கினே?" என்று கேட்டேன். "உனக்கு அக்கா தங்கச்சி கிடையாதா? முழுசா சொல்லு."

"எனக்கு வேலை போயிடும்" என்றாள் மெதுவாக.

"போகும். அவளுக்குக் கையும் போச்சு."

அவள் நெட்டையின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். நீளமாகச் சொன்னாள், கையை மடக்கிக் காட்டிச் சொன்னாள், நடுவில் ஆமாஞ்சாமி "ஏம்மா, ஏம்மா" என்று தடுத்தும் நிறுத்தாமல் சொன்னாள். நெட்டை முகத்தில் சிரிப்பு மறைந்தது. எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆள் ஏமாந்துதான் போயிருக்கிறார், இப்போது உண்மை தெரிந்துவிட்டது, கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் சுவரில் எழுதியிருந்த சட்டத்தைக் காட்டி அமைதியாக ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிற பெண் அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள்.

"என்ன கேக்கறார்?"

"மெஷின் கெட்டது தெரிஞ்ச அன்னைக்கே உங்க தங்கச்சி ஏன் கயித்தை இழுக்கலைன்னு கேக்கறார். யார் வேணும்னாலும் இழுக்கலாமே, யாரும் தடுக்கலையேன்னு கேக்கறார்."

ஆமாஞ்சாமி பலமாகத் தலையாட்டினார்.

அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சுவரில் சட்டம் எழுதிவைக்கத் தெரியும், பெண் வீட்டாருக்கு அதை மதித்தவளை வெளியே அனுப்பத் தெரியும், கடைசியில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கேட்பது என் தங்கையை. கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அந்தக் கேள்வியை என்கிட்ட ஏன் கேக்கறார்? அவ வீட்டுல இருக்கா. அவ முகத்தைப் பார்த்து வந்து கேக்கச் சொல்லு. யார் வேணும்னாலும் இழுக்கலாம்னு சொல்றாரே, சரி, இழுக்கறோம்."

நான் யாரோடும் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை, சத்தியமாக இல்லை. மேஸ்திரி வரிசையை மறுபடி ஓட்டியதும், என் தங்கை இடத்தில் நின்ற புதுப் பெண்தான் முதலில் கையைத் தூக்கினாள். டாஷ்போர்டின் ஒரு திருகு கோணலாக இருந்தது, நிஜமாகவே கோணல். இழுத்தாள். பாட்டு ஒலித்தது. அதைச் சரிசெய்து வரிசையை ஓட்டியதும் சீட் மாட்டுகிறவர் இழுத்தார், பெல்ட் ஆணி வழுக்குகிறது என்று. பிறகு கண்ணாடி ஒட்டுகிறவள். பிறகு கதவுக்காரர். எத்தனை நாளாக எல்லோரும் பார்த்துக்கொண்டே கடந்துபோன குறைகள்! ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேஸ்திரி அங்கும் இங்கும் ஓடினார். ஒரு கட்டத்தில் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "எல்லாம் நிஜமான குறைதான் சார்" என்று ஆமாஞ்சாமியிடம் சொன்னார். "நான் என்ன பண்ண?"

யாரையும் யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. அவர்கள் சட்டமே அது. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. மத்தியானம் தாண்டியும் ஒரு கார்கூட வரிசையின் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் நெட்டை, ஆமாஞ்சாமியிடம் ஏதோ சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்குப் போகலாம் என்று என்னைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் என் தங்கை வீட்டுக்கு வந்தார்கள். அவர் குனிந்து நுழைந்தார். இருப்பது ஒரே நாற்காலி, அதில் அவள் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. மகள் மூலையில் பாடம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நெட்டை நின்றார், ஆமாஞ்சாமியும் நின்றார். எனக்கு அது கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

"ஏன் இழுக்கலைன்னு கேக்கணுமாமே, கேக்கச் சொல்லுங்க" என்றாள் என் தங்கை.

அவர் கேட்கவில்லை. கட்டுப் போட்ட அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேக்காட்டியும் சொல்றேன். எனக்கு முன்னாடி அந்த இடத்துல நின்னவ இழுத்தா. அதனாலதான் அந்த இடம் எனக்குக் கிடைச்சுது."

மொழிபெயர்க்கிற பெண் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவர் ஆமாஞ்சாமியைப் பார்த்தார். ஆமாஞ்சாமி முதல் தடவையாகத் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். முடிவை மொழிபெயர்க்கிற பெண் சொன்னாள். தவறு அவளுடையது இல்லை, இயந்திரத்துடையது. இரண்டு கம்பெனியும் அதை ஒத்துக்கொள்கின்றன. அவளால் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு, கை ஆறியதும் வரலாம். தொழிலாளர் எல்லோர் முன்பும் இதை அறிவிப்பார்கள். படத்தையும் எடுத்துவிடுவார்கள்.

"சரி" என்றாள் அவள்.

அப்பாடா, வேலை முடிந்தது என்று நெட்டைக்கு முகம் தெளிந்தது. பேச்சு முடிந்தால் அவர்கள் செய்வார்களே, அந்தப் பழக்கத்தில் வலது கையை நீட்டினார், குலுக்குவதற்கு. நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று பின்னால் இழுக்கப் போனார்.

அதற்குள் என் தங்கை அந்த விறைத்த கையைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

"என்னால பிடிச்சுக்க முடியாது. அவரைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர் பிடித்துக்கொண்டார். அவர் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல விடப் பார்த்தார்.

"விடச் சொல்லலையே. அன்னைக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சோ, அவ்வளவு நேரம் பிடிச்சுக்கட்டும். நான் சொல்றேன் எப்ப விடணும்னு."

மொழிபெயர்க்கிற பெண் அதையும் சொன்னாள். நெட்டை நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஆமாஞ்சாமி என் பக்கம் நகர்ந்து வந்து, "விமானத்துக்கு நேரமாச்சும்மா, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று முணுமுணுத்தார்.

"சும்மா நில்லுங்க சார்" என்றேன்.